ஏரி மேல் நின்ற பஸ்

தொண்ணூறுகளின் கடைசியில் மைசூரில் ஒரு திட்ட அலுவலகத்தில் எனக்குப் புள்ளி வைக்கிற வேலை. எந்த ஊரில் என்ன பழைய கல் நிற்கிறது, எந்தக் கோயில் சுவரில் என்ன எழுத்து இருக்கிறது என்று முன்னொரு காலத்தில் பள்ளிக்கூட வாத்தியார்களையும் ஊர்க் கணக்கர்களையும் விட்டு அட்டைகளில் எழுதி வாங்கியிருந்தார்கள். அந்த அட்டைகள் இரண்டு தகரப் பெட்டிகளில் கிடந்தன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். வெறும் பட்டியலாக ஏற்றினால் போதாது. திரையில் வரைபடம் தெரியும். அதில் ஒரு புள்ளியைத் தொட்டால் அந்த இடத்துக் கல்லின் உயரம், காலம், படம் எல்லாம் வரவேண்டும். இதற்கு ஜிஐஎஸ் என்று பேர். "மேப்புக்கு ஞாபகசக்தி குடுக்கறோம், அவ்வளவுதான்" என்று எங்கள் சார் பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

சார் கன்னடக்காரர். கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்துவிட்டு இந்தத் திட்டத்துக்குத் தலைவராக வந்தவர். நான் எஸ்.எஸ்.எல்.சி. அப்பா ரயில்வேயில் இருந்ததால் மைசூரிலேயே பிறந்து, கன்னடப் பள்ளியில் படித்து, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவள். தமிழ் படிக்க அம்மா கற்றுக்கொடுத்தாள். இந்த வேலைக்கு வரும்முன் பதினெட்டு வருஷம் ஒரு ப்ளூபிரிண்ட் கடையில் வீட்டுப் பிளான்களை டிரேசிங் தாளில் நகல் எடுத்தேன். நேர்காணலில் சார் என்னிடம் நாலு கேள்வி கேட்டார். ஒன்றுக்கும் எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் ஒரு பேனாவைக் கொடுத்து ஒரு ஆற்றை நகல் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். "கை பேசுது, போதும்" என்று சேர்த்துக்கொண்டார்.

அட்டையைப் படிப்பேன். அதில் சொன்ன ஊரைச் சர்வே வரைபடத்தில் தேடி, இடத்தை ஊகித்துப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். பிறகு அந்த வரைபடத்தைப் பெரிய மேஜை ஒன்றின் மேல் சுருக்கமில்லாமல் ஒட்டவேண்டும். அது சாதாரண மேஜை இல்லை, கம்ப்யூட்டரோடு இணைத்தது. எலி போல ஒரு கருவி கையில் இருக்கும். அதன் முனையில் கண்ணாடி, கண்ணாடியில் ஒரு கூட்டல் குறி. குறியைப் புள்ளியின் மேல் நிறுத்திப் பொத்தானை அழுத்தினால் 'பீப்' என்று ஒரு சத்தம். கல் கம்ப்யூட்டருக்குள் போய்விடும். உடனே அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் தானாக விழும். அந்த வட்டத்துக்குள் யாராவது கட்டடம் கட்டுவதாக இருந்தால் முதலில் கல்லைப் பார்த்துவிட்டுத்தான் அனுமதிக்கவேண்டும் என்பது சாரின் ஏற்பாடு. வரைபடத்தின் நகல் தாலுக்கா ஆபீசுகளுக்கும் போகும். நல்ல ஏற்பாடுதான். எத்தனையோ கல் அஸ்திவாரத்துக்குள் போய்விட்டதைப் பார்த்து நொந்தவர் அவர்.

அந்த அறையில் ஏசி உண்டு. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். யாரும் என்னோடு பேசவேண்டிய அவசியம் இல்லை. எனக்கு அதுவே சொர்க்கமாக இருந்தது.

பேசியவள் ஒருத்திதான். அலுவலகம் கூட்டித் துடைக்க வருகிறவள். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்காகக் குடும்பத்தோடு வந்து, நஞ்சன்கூடு போகிற வழியில் ஒரு ஏரிக்கரையில் குடிசை போட்டுப் பன்னிரண்டு வருஷமாக இருந்தாள். அவள் புருஷனுக்குக் கொத்து வேலை. என் பின்னால் துடைப்பத்தோடு நின்று திரையை எட்டிப் பார்ப்பாள்.

"ஏனுங்கக்கா, நாளெல்லாம் குந்தீட்டுப் புள்ளியே வெக்கறீங்களே, கோலம் எப்பங்க போடுவீங்க?"

நான் சிரிப்பேன்.

"இதுக்கு ஏசி வேற. எங்க வூட்டுக்காரரு வெயில்ல நின்னு மட்டக்கம்பு புடிக்கறாரு. அவருக்கு ஒரு ஏசி வெக்கச் சொல்லுங்க உங்க சாரை."

அந்த வருஷம் அவள் சந்தோஷமாக இருந்தாள். அவர்கள் இருந்த காலனிக்குச் சர்க்கார் ஹக்குபத்திரம் கொடுக்கப்போவதாகப் பேச்சு. குடியிருக்கும் மனை உங்களுடையதுதான் என்று எழுதிக்கொடுக்கிற கடிதம் அது. அது கையில் வந்துவிட்டால் குடிசையைப் பிரித்துவிட்டுச் செங்கல் வீடு கட்டலாம். ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிற மனுஷன் முதல்முறையாகத் தனக்கு ஒன்று கட்டப்போகிறான். செங்கல்லைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். சமையல்கட்டு எந்தப் பக்கம் என்று இருவருக்கும் தினமும் சண்டை. அந்தச் சண்டையின் நிலவரத்தை எனக்குத் தினமும் சொல்வாள்.

ஒரு நாள் காலை வழக்கம்போலக் கூட்ட வந்தாள். என் நாற்காலிக்குக் கீழே கூட்டும்போது நின்றாள்.

"அக்கா, இந்த டப்பாவுல எங்க காலனி இருக்குதுங்களா?"

"ஏன்?"

"தாலுக்கா ஆபீசுல இருந்து ரெண்டு பேரு வந்தாங்க. இங்க பழைய கல்லு இருக்குது, கம்ப்யூட்டரு மேப்புல செவப்பு வட்டம் போட்டிருக்குது, அதனால லிஸ்ட்டை நிறுத்தி வெச்சிருக்குதுன்னாங்க. எங்கடா கல்லுன்னு காலனி பூரா தேடுனாங்க. ஒரு கல்லும் காணோம். கடைசீல நாங்க துணி தொவைக்கற கல்லைப் பொரட்டிப் போட்டு, அடியில கத்தி புடிச்ச ஆளு யாராச்சும் இருக்கானான்னு பாத்தாங்க. சோப்பு நொரைதான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"கல்லு கெடைக்கலீன்னாலும் கம்ப்யூட்டரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும், மண்ணுக்குள்ள இருக்கும்ங்கறாங்க. எங்களை வேற எடத்துக்கு மாத்தோணும்னு ஒருத்தரு எழுதீட்டும் போயிட்டாரு." துடைப்பத்தைத் தட்டினாள். "இந்த டப்பா வெளங்குமாங்க? பன்னண்டு வருசங்க."

அவள் போனதும் அந்த ஊர் அட்டையை எடுத்தேன். 'கெரெ ஏரி ஹிந்தெ, ஹுணசெ மரத ஹத்திர, வீரகல்லு ஒந்து.' ஏரிக்குப் பின்னால், புளியமரத்தருகே, வீரக்கல் ஒன்று. சண்டையில் செத்தவனைச் செதுக்கி நட்ட கல். வரைபடத்தைப் பார்த்தேன். ஊர் ஏரிக்கு இந்தப் பக்கம். ஊரிலிருந்து பார்த்தால் ஏரிக்குப் பின்னால் என்பது அந்தப் பக்கம், தண்ணீரைத் தாண்டி. காலனி இருக்கிற பக்கம். அங்கேதான் என் புள்ளியும் இருந்தது. அட்டையில் உள்ளபடிதான் வைத்திருந்தேன். தப்பு இல்லை.

தப்பு இல்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். இல்லை. அந்த வாரம் முழுக்க அவள் சண்டை நிலவரம் எதுவும் சொல்லவில்லை. கூட்டினாள், துடைத்தாள், போனாள். நானும் கல் நிஜமாகவே மண்ணுக்குள் இருந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இருந்தால் சார் வட்டத்தை எடுக்கமாட்டார். எடுக்கவும் கூடாது. இருக்கிறதா என்று யாராவது சரியாகப் பார்த்தால் தேவலை. சாரிடம் போய்க் கேட்கலாம். ஆனால் அவர் அறைக்குள் நான் அதுவரை நானாகப் போனதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நஞ்சன்கூடு கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அந்த ஊர் வழியாகப் போகிற ஒரு தனியார் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டரிடம் ஊர்ப் பேரைச் சொன்னேன். ஊருக்குள்ளா வெளியிலா என்று கன்னடத்தில் கேட்டார். ஏரிக்குப் பின்னால் போகவேண்டும் என்பதைக் கன்னடத்தில் கூச்சத்தோடு மெல்லச் சொன்னேன். அட்டையில் இருந்த அதே வார்த்தைகளைத்தான் சொன்னேன்.

"ஓ, ஏரி மேலே நில்லிஸ்தீனி, அல்லே இள்கொளி" என்றார் சாதாரணமாக.

ஏரி மேல் நிறுத்துகிறேன், அங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள். எனக்குப் புரியவில்லை. பஸ்ஸை எப்படி ஏரி மேல் நிறுத்துவார்? தண்ணீர் வற்றி ரோடு போட்டிருக்கிறார்களோ? பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளைப் பார்த்தேன். அவள் கோழியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அவளுக்கு அது ஒரு விசேஷமாகவே படவில்லை.

பஸ் ஊரைத் தாண்டி ஒரு மேட்டில் ஏறியது. மேடு நீளமாக, சுவர் போலப் போனது. அதன் மேலேயே ரோடு. இடது பக்கம் தண்ணீர். வலது பக்கம், நல்ல ஆழத்தில், பச்சை வயல். விசில் அடித்து நிறுத்தினார். இறங்கினேன்.

"ஏரி எல்லி?" என்று படியில் நின்ற கண்டக்டரை அண்ணாந்து கேட்டேன். ஏரி எங்கே என்று.

"நின்திதீரல்லம்மா, இதே ஏரி!" என்றார். பஸ்ஸே சிரித்தது. நிற்கிறீர்களே அம்மா, இதுதான் ஏரி.

பஸ் போய்விட்டது. நான் அந்த மேட்டின் மேல் அப்படியே நின்றேன். தண்ணீருக்கு அவர்கள் பேர் கெரெ. அதைத் தடுத்து நிறுத்துகிற கரைக்குப் பேர் ஏரி. நாற்பது வருஷம் மைசூரில் இருந்தும் எனக்கு அது தெரியாது. நகரத்துக்குள் கரையை எல்லோரும் டேங்க் பண்ட் என்பார்கள். அட்டையில் 'கெரெ ஏரி' என்று பார்த்தபோதெல்லாம், இவர்கள் சொல்லையும் நம் சொல்லையும் சேர்த்து ஒரே தண்ணீரை இரண்டு தடவை சொல்கிறார்கள் என்று நினைத்து, மனதுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டிருக்கிறேன். கன்னட நாட்டு அட்டையில் ஒரு தமிழ் வார்த்தை உட்கார்ந்திருக்கிறதே என்று.

ஏரிக்குப் பின்னால் என்றால் கரைக்குப் பின்னால். தண்ணீர் இல்லாத பக்கம். வயல் பக்கம்.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். புளியமரம் இருந்தது. அதன் அடியில் இடுப்பளவுக் கல், சற்றே சாய்ந்து. கீழ்த் தட்டில் ஒருவன் வில்லோடு நிற்கிறான், சுற்றிலும் மாடுகள். நடுத் தட்டில் இரண்டு பெண்கள் அவனைக் கைத்தாங்கலாக மேலே கொண்டுபோகிறார்கள். மேல் தட்டில் லிங்கத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். யாரோ மஞ்சள் தடவி ஒரு செம்பருத்திப் பூ வைத்திருந்தார்கள். புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்து, கும்பிடுவதாக இருந்தால் செருப்பைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். கும்பிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்ன நினைத்தாளோ, திரும்பிப் புல் அறுத்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் அடுத்த பயம் பிடித்தது. இந்த வார்த்தை ஒரு அட்டையில் மட்டுமா இருந்தது?

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் இரண்டு பெட்டியையும் இறக்கிப் பார்த்தேன். பதினோரு அட்டை. அதில் நாலு 'ஏரி மேலே' என்றிருந்தது. அந்த நாலையும் நான் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தேன். வறட்சிக் காலத்தில் யாரோ ஏரிக்குள் நடந்துபோய்ப் பார்த்து எழுதியிருப்பார்கள் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டது ஞாபகம் வந்தது. அந்த நாலு புள்ளிதான் சாருக்கு ரொம்பப் பிடித்தவை. கல் தண்ணீருக்குள் இருக்கிறது என்றால் கல் முதலில், ஏரி பிற்பாடு வெட்டியது என்று அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அடுத்த வாரம் வெளியூரில் ஒரு கூட்டத்தில் படிக்கப்போகிறார். திரையில் காட்டுவதற்குக் கண்ணாடித் தாளில் படம்கூட நான்தான் போட்டுக்கொடுத்திருந்தேன். நீலத்துக்குள் நாலு சிவப்பு வட்டம்.

அவர் அறை வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அவரே நிமிர்ந்து பார்த்து, "ஏன்ரீ, உள்ளே வாங்க. கதவு கடிக்காது" என்றார்.

அட்டைகளை மேஜையில் வைத்தேன். பேச ஆரம்பித்தால் நின்றுவிடுவேன் என்று தெரியும். அதனால் பஸ் ஏறியதிலிருந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பாதி கன்னடம், பாதி தமிழ். காலனியையும் சொன்னேன். துணி துவைக்கிற கல்லையும் சொன்னேன். நடுவில் அவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் என்று நினைத்தேன்.

"எத்தனை கார்டு?"

"பதினொண்ணு சார்."

"தண்ணிக்குள்ளே?"

"நாலு."

அந்தக் கண்ணாடித் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை போய்விட்டது என்று முடிவு செய்து, ப்ளூபிரிண்ட் கடையில் மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்று யோசிக்கவும் ஆரம்பித்துவிட்டேன். அப்போது ஒரு சத்தம். சிரிக்கிறார். நாற்காலி ஆடுகிறது.

"நாலு வீரரையும் தண்ணில முக்கிட்டேனே ரீ! ஒரு வாரம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா அந்தக் கூட்டத்துல என்னையும் சேர்த்து முக்கியிருப்பாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானும் பார்த்தேன், எல்லாக் கல்லும் தண்ணிக்குள்ள இருக்குதேன்னு. கார்டை எடுத்துப் பார்க்கணும்னு தோணல. சந்தோஷம்தான் வந்தது."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தக் காலனி லிஸ்ட் எங்கே நிக்குது?" என்று கேட்டார். தாலுக்கா ஆபீசில் என்றேன். "ஜீப் சொல்லுங்க. இன்னிக்கே போகலாம்."

செயற்கைக்கோளைக் கேட்டு இடத்தைச் சொல்கிற கைக்கருவி ஒன்று அலுவலகத்தில் இருந்தது. அதைக் கல்லின் தலையில் வைத்தோம். நிற்கிற இடத்தில் நின்றிருக்கும்போதே அதன் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. நூறு மீட்டர் வரை அங்கே இங்கே போகும், அதனால் பொறுமையாக எழுதுங்கள், சராசரி எடுக்கலாம் என்றார் சார். புளிய நிழலில் உட்கார்ந்து எண்களை எழுதினேன். எவ்வளவு தள்ளாடினாலும் அந்த எண்கள் தண்ணீரைத் தாண்டவில்லை. கரை மேல் ஏறிப் பார்த்தால் எதிர்க்கரையில் காலனியின் நீல பிளாஸ்டிக் கூரைகள் சின்னதாகத் தெரிந்தன.

அன்று சாயங்காலமே பழைய புள்ளியை அழித்துப் புதியதை வைத்தேன். பீப். சிவப்பு வட்டம் வயலின் மேல் விழுந்தது. ஒரு வாய்க்கால், கொஞ்சம் நெல், ஒரு புளியமரம். வேறு யாரும் அதற்குள் இல்லை. அந்த வட்டத்தைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்தது போல அதற்கு முன்பும் பின்பும் எதையும் பார்த்து உட்கார்ந்ததில்லை. வீட்டுக்குப் போய் ஒரு வாரத்துக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

சார் புதிய வரைபடத்தோடு ஒரு கடிதம் எழுதி, தபாலில் போடாமல் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். பிழை எங்கள் அலுவலகத்தினுடையது என்று எழுதினார். என் பேரை எழுதவில்லை. மற்றப் பத்து அட்டைகளையும் ஊர் ஊராகப் போய்ச் சரிபார்த்தோம். அதன்பின் புரியாத வார்த்தை எது வந்தாலும் நான் எழுந்துபோய் அவரைக் கேட்டேன். புரிந்தது என்று தோன்றிய வார்த்தையையும் கேட்டேன். "மறுபடி எந்த ஏரி?" என்று கிண்டல் பண்ணுவார். பண்ணட்டும்.

லிஸ்ட் நகர இரண்டு மாதம் ஆயிற்று. ஹக்குபத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துவந்து காட்டினாள். படித்துச் சொன்னேன். அவள் புருஷன் பேரும் அவள் பேரும் சேர்ந்து இருந்தன. புள்ளி வைத்தது நான்தான் என்று அப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. மனை அளக்கிற அன்று கட்டாயம் வரவேண்டும் என்றாள். போனேன்.

குடிசையைப் பிரித்து மண்ணைச் சமன் செய்திருந்தார்கள். அவள் புருஷன் ஆணி அடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புப் பொடி தூவிக்கொண்டிருந்தார். நான் ஓரமாகத்தான் நின்றேன்.

"அக்கா, நீங்க நிக்கறது சமையல்கட்டுங்க. கடைசீல நாஞ்சொன்ன பக்கந்தான்."

அப்போது சொல்லிவிட்டேன். அந்தப் புள்ளியை வைத்தது கம்ப்யூட்டர் இல்லை, நான் என்று. ஏரி என்ற வார்த்தையையும் சொன்னேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். புருஷன் நூலைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நெசமாலுமா? நீங்களாங்க?"

"ஆமா."

"அட ஏனுங்கக்கா, நாங்க காலனியே கூடி அந்த டப்பாவைத் திட்டாத திட்டு இல்லீங்க. அதுக்குக் கையி வெளங்காது, காலு வெளங்காதுன்னு." வாயைப் பொத்திக்கொண்டாள். "அத்தனையும் உங்களுக்கு வந்துச்சுங்களா?"

"கொஞ்சம் வந்தது" என்றேன்.

"கெரெக்கும் ஏரிக்கும் வித்தியாசந் தெரியாத ஆளை எவன் வேலைக்கு வெச்சான்?" என்றார் புருஷன். அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பத்தாவது படிச்சிருக்காங்களாம்!"

"நீங்க சும்மா இருங்க. அவங்கதானே தேடிப் போயிக் கண்டுபுடிச்சாங்க." கீழே கிடந்த நூல் நுனியை எடுத்து என் கையில் கொடுத்தாள். "இந்தாங்க, புடிங்க. இழுத்துப் புடிக்கோணும், தளரப்படாது."

பிடித்தேன். அவர் மறுமுனையோடு பின்னால் நகர்ந்து போனார். சமையல்கட்டுக்குப் பத்தடி, எட்டடி என்று சத்தமாகச் சொன்னார். இன்னும் ஒரு அடி விடச் சொல்லி அவள் கத்தினாள்.